பெரிய கம்பனி நல்லாப் பாக்குமாம்: உள்ளுக்க வேலை செய்தாக்கள் உண்மையைச் சொல்லுங்கோ

விசுவமடு_அண்ணா | செவ்வாய் இரவு 8.40

வணக்கம் எல்லாருக்கும். தங்கச்சிக்கு வயசு 22. ஏஎல் (உயர்தரப் பரீட்சை) முடிச்சு இரண்டு வருசமா வீட்டில நிக்கிறாள். அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டதுகளுக்கு ஒரு பதிலும் இல்லை. இப்ப கிளிநொச்சிப் பக்கம் உடுப்புத் தைக்கிற ஒரு பெரிய காமென்ட்ஸ் கம்பனியில நேர்முகம் போய் வந்து எடுபட்டிட்டாள். வாற திங்கள் வரச் சொல்லி இருக்கினம்.

அம்மா ஒரே பிடியா வேண்டாம் எண்டுறா. "காமென்ட்ஸுக்குப் போற பிள்ளை எண்டு பேர் வந்தா பேந்து யார் கேட்டு வருவினம்" எண்ட அதே பழைய கதை. சித்தியின்ர மகள் அங்க நாலு வருசமா நிக்கிறாள், அவள் சொல்லுறது வேற மாதிரி. பஸ் வரும், காலைச் சாப்பாடு இருக்கு, டொக்டர் இருக்கிறார், வருத்தம் எண்டா ஆள் அனுப்பி விசாரிப்பினம் எண்டெல்லாம். நம்பலாமா இல்லாட்டி சொந்தக்காரிக்கு ஆள் சேர்த்துக் குடுத்தா ஏதும் காசு கிடைக்குதோ தெரியேல்ல. (பகிடிக்குச் சொன்னன், தங்கச்சி அடிப்பாள்.)

வன்னியில இப்பிடிப் பெரிய நிறுவனங்களில வேலை செய்த, செய்யிற ஆக்கள் உங்கட சொந்த அனுபவத்தை மட்டும் எழுதுங்கோ. கேள்விப்பட்டது வேண்டாம். காமென்ட்ஸ்தான் எண்டில்லை, எந்த நிறுவனமெண்டாலும் சரி.

முறிகண்டிக்_கச்சான் | செவ்வாய் இரவு 8.52

கேள்விப்பட்டது வேண்டாம் எண்டா இந்த இடத்தில அரைவாசிப் பேர் வாய் திறக்கேலாது அண்ணை 😄

விடிய அஞ்சரைக்கு ஏ9 றோட்டால போய்ப் பாருங்கோ. முறிகண்டிப் பிள்ளையாரடியில தேங்காய் உடைக்கிற லொறிக்காரரை விட காமென்ட்ஸ் பஸ்தான் கூட. அத்தினை பேரும் பேர் கெட்டுப் போச்சினமோ?

தையல்காரி9 | செவ்வாய் இரவு 10.15

நேரம் கிடைச்சதால கொஞ்சம் நீட்டா எழுதுறன். கம்பனிப் பேர் போடேல்ல, நல்லதும் கெட்டதும் இரண்டும் சொல்லப்போறன்.

2016 கடைசியில சேர்ந்தனான், அப்ப 19 வயசு. தருமபுரம். ஏஎல் இரண்டாம் தரமும் சரிவரேல்ல. அப்பா இல்லை, தம்பி பத்தாம் வகுப்பு. சேர்ந்த நேரம் எனக்கு மெசின் எண்டா அம்மம்மாவின்ர கால்மிதி மெசின்தான். முதல் மூண்டு நாள் துணியே தரேல்ல. கோடு போட்ட கடதாசியைத் தந்து, நூல் கோக்காத மெசினில அந்தக் கோட்டுக்கு மேல ஊசித் துளை விழ ஓட்டச் சொன்னவை. நேர்க்கோடு, பேந்து வளைவு, பேந்து சதுரம். கடதாசியை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்து, துளை கோட்டை விட்டு விலகி இருந்தா திரும்பவும். பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் என்ர கொப்பியை அவ்வளவு கவனமாப் பாத்ததில்லை.

லைனுக்கு (தையல் மெசின் வரிசைக்கு) போய் இரண்டாம் கிழமை ஊசி உடைஞ்சுது. தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், ஊசி உடைஞ்சா சும்மா புது ஊசி போடேலாது. உடைஞ்ச துண்டு எல்லாத்தையும் தேடி எடுத்து ஒரு கார்ட்டில ரேப் போட்டு ஒட்டி, முழு ஊசியின்ர அளவு வருதா எண்டு வைச்சுப் பாத்து, கையெழுத்து வைச்சாப் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு காணாட்டி அந்த இடத்தில இருக்கிற துணி முழுக்க ஒதுக்கி வைச்சுத் தேட வேணும். ஏனெண்டா அந்தத் துண்டு எங்கயோ ஒரு நாட்டில ஒரு பிள்ளையின்ர உடுப்பில போய் நிக்கும். எனக்கு நுனி காணேல்ல. டார்கெட் போகுது, பின்னுக்கு இருக்கிற அக்காமார் பாக்கினம், எனக்கு அழுகை வந்திட்டுது. சம்பளத்தில வெட்டப் போயினம் எண்டுதான் நினைச்சன்.

சூப்பர்வைசர் மிஸ் குருநாகல் பக்கத்து ஆள், தமிழ் அரைகுறை. வந்து ஏசுவா எண்டு பாத்தா, காந்தத்தை எடுத்துக்கொண்டு என்ர மெசினுக்குக் கீழ முழங்காலில இருந்திட்டா. "தங்கச்சி, அழுற பிறகு. இப்போ தேடுற." பத்து நிமிசம். நுனி என்ர சொந்தப் பாவாடைக் கரையில குத்தி நிண்டுது. அவா சிரிச்ச சிரிப்பு இண்டைக்கும் காதில கிடக்கு. ஒரு சதமும் வெட்டேல்ல.

நல்லாப் பாக்கிற கம்பனி எண்டா என்ன எண்டு கேட்டா எனக்கு முதல் வாறது அந்தக் காந்தம்தான்.

மற்றது, 2020 ஊரடங்கு. மார்ச்சில வீட்டுக்கு அனுப்பினவை. வேலை இல்லாத மாசத்துக்கும் கணக்கில 14,500 விழுந்தது. எங்கட ஒழுங்கையில அந்த மாசம் காசு வந்த வீடு எங்கடயும் ஒரு ரீச்சர் வீடும்தான். 2021 இல கலியாணம், 2023 இல மகள். 84 நாள் லீவு சம்பளத்தோட. திரும்பிப் போகேக்க அதே லைன், அதே மெசின் வைச்சிருந்தவை. நான் லீவில நிக்கேக்க நேர்ஸ் இரண்டு தரம் போன் எடுத்தவா.

கெட்டதும் சொல்ல வேணும். டார்கெட் கூட்டுற கிழமைகளில மனுசர் மனுசரா இருக்கிறது கஷ்டம். அதே காந்தம் பிடிச்ச மிஸ் போனாப் பிறகு வந்த ஒராள் தண்ணி குடிக்க எழும்பினாலும் மணிக்கூட்டைப் பாப்பார். கம்பனி அதேதான், சாப்பாடு அதேதான், டொக்டர் அதேதான். எனக்கு அந்த எட்டு மாசம் நரகம். பேந்து அவரை மாத்தினவை. ஆரோ முறைப்பாட்டுப் பெட்டியில போட்டதாம். (நான்தான் போட்டது.)

பரந்தன்காரன் | புதன் காலை 6.05

தையல்காரி பிள்ளை நல்லா எழுதியிருக்கிறீர். ஆனா ஒரு விசயத்தில திருத்தம் சொல்ல வேணும், கோவிக்கப்படாது.

14,500 கம்பனி இரங்கித் தந்த காசில்லை. 2020 மே மாசம் அரசாங்கம், முதலாளிமார், தொழிற்சங்கங்கள் மூண்டு பகுதியும் இருந்து பேசி முடிவெடுத்தது. வேலைக்குக் கூப்பிடாத ஆளுக்கு அடிப்படைச் சம்பளத்தில பாதி, இல்லாட்டி 14,500, எது கூடவோ அது. 84 நாளும் அப்பிடித்தான், மகப்பேற்று நன்மைச் சட்டம். முந்தி மூண்டாவது பிள்ளைக்கு 42 நாள்தான் இருந்தது, 2018 இல சட்டத்தைத் திருத்தி எத்தினையாவது பிள்ளையெண்டாலும் 84 எண்டு ஆக்கினவை. சட்டப்படி உமக்கு வர வேண்டியதுக்கு நீர் நன்றி சொல்லிக்கொண்டு நிண்டா, பேந்து கேக்க வேண்டிய இடத்தில வாய் வராது.

என்ர தகப்பனார் பரந்தன் கெமிக்கல்ஸில வேலை. இப்பத்தைப் பிள்ளையளுக்கு அது வெறும் உடைஞ்ச சுவர். அந்த நாளில ஆனையிறவு உப்பில இருந்து கோஸ்டிக் சோடா, குளோரின் எடுத்த இடம். அப்பா சைக்கிளில வந்து இறங்கினா சேட்டில குளோரின் மணக்கும், அம்மா அந்தச் சேட்டை மட்டும் புறம்பாத் தோய்ப்பா. எண்பதுகளில சண்டையோட நிண்டு போச்சு. அப்பாவுக்கு அந்தப் பக்ரறி எண்டா கோயில். "கூட்டுத்தாபனம் எங்களைக் கைவிடாது" எண்டு சாகும்வரை சொன்னவர். கைவிட்டதோ இல்லையோ, கூட்டுத்தாபனமே இல்லாமப் போச்சு. அதுதான் நான் எந்தப் பெரிய பேரையும் கும்பிடுறேல்ல.

தையல்காரி9 | புதன் பகல் 12.40 (சாப்பாட்டு நேரம்)

ஐயா, கோவம் ஒண்டுமில்லை. அது பேசி எடுத்த காசு எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும், சந்தோசம்.

ஆனா ஒண்டு. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே? என்ர மச்சாள் அந்த நேரம் ஒரு சின்னத் தையல் இடத்தில நிண்டவள், பதினைஞ்சு பேர் வேலை. அவளுக்கு ஒரு சதம் வரேல்ல, கேட்டதுக்கு "கடை பூட்டினாப் பிறகு என்ன சம்பளம்" எண்டு பதில். சட்டத்தில இருக்கிறதைக் கேக்காமலே கணக்கில போடுற இடமும் இருக்கு, மூண்டு தரம் தொழில் கந்தோருக்கு அலைய விடுற இடமும் இருக்கு. முதலாவதுக்கு நான் நன்றி சொல்லாட்டிலும் வித்தியாசம் எண்டு சொல்லத்தானே வேணும்.

மணி அடிக்குது, பேந்து வாறன்.

முறிகண்டிக்_கச்சான் | புதன் பகல் 12.58

ஐயாவுக்கும் ஒரு புள்ளி, அக்காவுக்கும் ஒரு புள்ளி. இடைவேளை ஸ்கோர் 1-1.

சிவப்புத்தடி | புதன் இரவு 7.30

காமென்ட்ஸ் இல்லை நான். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுக்கிற வேலை, ஆறு வருசம். எங்கட நிறுவனமும் பெரிசுதான், வெளிநாட்டு நிறுவனம், நூற்றுக்கணக்கில பொம்பிளையள் வேலை செய்யினம். அதில கனபேர் வீட்டுக்குத் தனி உழைப்பாளியள்.

எங்கட வேலையில "ஆதரவு" எண்டது கதையில்லை, அது இல்லாட்டி ஆள் இல்லை. முகமூடிக் கண்ணாடி, மார்புக்கவசம் போடாமல் ஒரு அடி வைக்கேலாது. குறிச்ச நேரத்துக்கு ஒருக்கா கட்டாயம் எழும்பி ஓய்வு எடுக்க வேணும், "இன்னும் கொஞ்சம் முடிச்சிட்டு வாறன்" எண்ட கதைக்கு இடமில்லை. பக்கத்தில மருத்துவ ஆளும் வாகனமும் நிக்காட்டி அண்டைக்கு வேலை தொடங்காது. சித்திரை வெயிலில அந்த உடுப்புக்குள்ள முழங்காலில இருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டுறது எப்பிடி எண்டு எழுதி விளங்கப்படுத்தேலாது. ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டு நான் முடிச்ச இடம் ஒரு பாய் விரிக்கக் காணும்.

ஒருநாள் எனக்குக் காலமையில இருந்து கை நடுங்கிக்கொண்டு இருந்தது. முதல்நாள் இரவு வீட்டில ஒரு பிரச்சினை. ஒருத்தருக்கும் சொல்லேல்ல. ரீம் லீடர் பெடியன், என்னை விட மூண்டு வயசு குறைவு, கவசம் கட்டுறதைப் பாத்திட்டு "அக்கா இண்டைக்கு நீங்கள் ஸ்ரோரில நில்லுங்கோ, தடி எண்ணித் தாங்கோ" எண்டான். ஏன் எண்டு கேக்கேல்ல. சம்பளமும் குறையேல்ல. நான் அண்டு முழுக்க, ஆபத்தான இடத்தைக் குறிக்கிற சிவப்புத் தடி எண்ணினன். அதுதான் இந்தப் பேர்.

ஆனா எங்கட வேலையில ஒரு வித்தியாசமான கவலை இருக்கு. இலங்கை 2017 இல கண்ணிவெடியைத் தடை செய்யிற ஒட்டாவா ஒப்பந்தத்தில சேர்ந்தது, 2028 ஜூனோட கண்ணிவெடி இல்லாத நாடு ஆக வேணும் எண்டு தவணை. நாங்கள் கெதியா முடிக்க முடிக்க எங்கட வேலையும் முடியுது. வேற எந்தக் கம்பனியில தொழிலாளி வடிவா வேலை செய்து தன்ர கதிரையைத் தானே எடுக்கிறாள்? 2025 தொடக்கத்தில அமெரிக்க உதவி நிற்பாட்டு எண்டு செய்தி வந்த கிழமை எல்லாருக்கும் வயித்தைக் கலக்கினது. நிறுவனம் நல்லது. ஆனா காசு எங்கயோ இருந்து வருகுது, அது நல்ல மனசைப் பாத்து வாறேல்ல.

விசுவமடு_அண்ணா | புதன் இரவு 7.55

சிவப்புத்தடி அக்கா, வாசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்திட்டன். எங்கட பெரியம்மாவின்ர காணி அந்தப் பக்கம்தான். போன வருசம்தான் கையில குடுத்தவை. உங்கட கையும் பட்டிருக்கும்.

பேர்_சொல்லேல்ல | புதன் இரவு 9.20

எல்லாரும் நல்லதை எழுதுறீங்கள், நானும் சொல்லுறன்.

முல்லைத்தீவு மாவட்டம். ஒரு பெரிய இடம், பேர் சொல்லேல்ல. இரண்டு வருசம் நிண்டு விட்டிட்டன். சுவர் முழுக்கப் படம், "நாங்கள் ஒரு குடும்பம்" எண்டு மூண்டு மொழியிலயும். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவினம், போட்டோ எடுப்பினம், போட்டோ பேஸ்புக்கில வரும்.

என்ர மாமா செத்துப்போனார். சொந்த மாமா, என்னை வளர்த்தவர். இரண்டு நாள் போகேல்ல, போன் எடுத்துச் சொன்னனான். மாச முடிவில பாத்தா, லீவெடுக்காமல் வந்தா மேலதிகமாத் தாற வரவுக்காசு முழுக்கப் போச்சு. இரண்டு நாள் காசு வெட்டினா விளங்கிக்கொள்ளலாம், ஒரு நாள் வராட்டியே முழு மாச வரவுக்காசும் இல்லையாம். கேக்கப் போனன். "பெற்றோர், சகோதரம், கணவன், பிள்ளை எண்டால்தான் கணக்கு, மாமா அந்தப் பட்டியலில இல்லை." அதுவும் சிங்களத்தில சொல்லி, பக்கத்தில நிண்ட பிள்ளை மொழிபெயர்த்தவள். எங்கட ஊரில மாமா ஆர் எண்டு அந்தக் கடதாசிக்குத் தெரியாது.

அடுத்த கிழமை என்ர பிறந்தநாள். கேக் வந்தது.

மட்டுறுத்துநர் | புதன் இரவு 9.31

சில பதில்களில கம்பனிப் பேரும் அதிகாரி ஒருவரின்ர பேரும் இருந்தது, எடுத்துவிட்டிருக்கிறன். கதையை எழுதுங்கோ, பேரை விடுங்கோ.

மாங்குளம்_மெக்கானிக் | புதன் இரவு 10.02

ஆம்பிளைப் பக்கத்தில இருந்தும் ஒண்டு. தையல் மெசின் மெக்கானிக், கிளிநொச்சி. பிள்ளையள் ஓவர்லொக் மெசின் நிண்டிட்டுது எண்டு கை தூக்கினா ஓடுற ஆள்.

2018 டிசம்பர் வெள்ளம் ஞாபகமா? இரணைமடுக் கதவுகள் திறந்த இரவு. கண்டாவளைப் பக்கத்துப் பிள்ளையள் எங்கட லைனில மட்டும் ஏழு பேர். விடிய பஸ் போகேலாது. கம்பனி ஆக்கள் ரக்டர் பிடிச்சு சாப்பாட்டுப் பார்சலும் பெற்சீற்றும் கொண்டுபோனவை, நானும் போனனான். பள்ளிக்கூடத்தில இருந்த ஒரு பிள்ளை என்னைக் கண்டவுடன முதல் கேட்டது என்ன தெரியுமே? "அண்ணா என்ர மெசினில வேற ஆளைப் போட்டிட்டினமோ?" வீடு தண்ணிக்குள்ள. பக்கத்தில கோழி ஒண்டைக் கூடைக்குள்ள மூடி வைச்சிருக்கிறாள்.

2022 பெற்றோல் இல்லாத நேரம் கியூஆர் பங்கீடு வரும்வரை பெரிய பாடு. கம்பனி பஸ்ஸுக்கு எங்கயோ டீசல் பிடிச்சு ஓடினவை. மனுசியின்ர வேலை (அரச கந்தோர், பேர் எதுக்கு) வாரத்தில இரண்டு நாள் வீட்டில நில்லுங்கோ எண்டவை. எனக்கு ஆறு நாளும் வேலை. வீட்டில இருந்து அவா பாவம் எண்டு என்னைப் பாத்தா, நான் பாவம் எண்டு அவாவைப் பாத்தன்.

அண்ணை, தங்கச்சிக்கு ஒண்டு சொல்லுங்கோ. ஓடர் குறைஞ்சா இந்தத் தொழிலில காத்து உடன மாறும். 2010 இல ஐரோப்பா ஜிஎஸ்பி பிளஸ் எண்ட வரிச்சலுகையை எடுத்தது, 2017 இல திரும்பத் தந்தது. 2025 இல அமெரிக்கா 44 வீதம் வரி எண்டு சொல்லி, பேந்து 30 எண்டு சொல்லி, கடைசியில 20 இல வந்து நிண்டது. அந்த நாலு மாசம் ஓட்டி (மேலதிக நேர வேலை) இல்லை. அடிப்படைச் சம்பளம் வந்தது, ஆனா எங்கட வீடுகள் ஓடுறது ஓட்டியிலதானே. நல்ல கம்பனி கெட்ட கம்பனி எண்டதுக்கு மேல வோசிங்ரனில ஒராள் இருக்கிறார்.

பரந்தன்காரன் | வியாழன் காலை 5.50

பேர்_சொல்லேல்ல பிள்ளைக்கு: மாமா கதை மனசைச் சுட்டிட்டுது. ஆழ்ந்த அனுதாபம்.

விசுவமடு தம்பிக்கு: நான் ஓய்வுபெற்ற கிளாக். முப்பது வருசம் சம்பளப் பட்டியல் எழுதின கை. தங்கச்சிக்கு முதல் மாசம் சம்பளச் சிட்டை வந்தவுடன அதை வாசிக்கப் பழக்கும். கேக் வெட்டினவையோ இல்லையோ எண்டதை விட அந்தத் துண்டில கன விசயம் இருக்கு.

2026 ஜனவரியில இருந்து நாட்டின்ர குறைஞ்ச சம்பளம் மாசம் 30,000. 2025 ஏப்ரலில 27,000 ஆக்கி, இப்ப 30,000. அடிப்படை 30,000 எண்டு வையும். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) எண்டு தங்கச்சியின்ர பக்கத்தில 8 வீதம், 2,400 வெட்டுவினம். கம்பனி தன்ர பக்கத்தால 12 வீதம், 3,600 போட வேணும். மாசம் 6,000 அவளின்ர பேரில சேரும். ஈரிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 900, அது கம்பனி மட்டும் கட்டுறது, அவளில வெட்டப்படாது. வெட்டி இருந்தா உடன கேக்கச் சொல்லும்.

அஞ்சு வருசம் முடிச்சிட்டு விட்டா பணிக்கொடை. பதினைஞ்சு பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற எந்த இடத்திலயும், 1983 ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு வருசத்துக்கு அரை மாசச் சம்பளம். தையல்காரிப் பிள்ளை இண்டைக்கு விட்டா 30,000 கணக்கில ஒன்பது வருசத்துக்கு 135,000 வர வேணும். நாலே முக்கால் வருசத்தில கோவத்தில விட்டிட்டு வந்த பிள்ளையள் எத்தினை பேரைக் கண்டிருக்கிறன். கோவத்தை மூண்டு மாசம் பொறுத்திருந்தா ஒரு தோடு வாங்கலாம்.

தையல்காரி9 | வியாழன் பகல் 12.35

ஐயா நான் இப்பத்தான் கல்குலேற்றரில அடிச்சுப் பாத்தன் 😄 என்ர அடிப்படை கொஞ்சம் கூட. சொல்ல மாட்டன்.

வட்டக்கச்சியாள் | வியாழன் இரவு 8.10

எழுதுவமா விடுவமா எண்டு இரண்டு நாளா யோசிச்சன்.

என்ர அண்ணா 2009 இல காணாமல் போனவர். அம்மா 2017 பெப்ரவரியில காணாமல் போனாக்களின்ர சொந்தங்கள் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில பந்தல் போட்ட நாளில இருந்து போராட்டத்தில. நான் அப்ப லைனில இரண்டு வருசம். வீட்டில உழைக்கிறது நான் ஒராள். அம்மா பந்தலில படுக்கிறா, சாப்பாடு கொண்டுபோக வேணும், மருந்து குடுக்க வேணும். லீவு கேக்க எனக்குப் பயம். ஏன் எண்டு எழுத வேணும், எழுதினா அது எங்க போகும் எண்டு தெரியாது. அந்த நேரத்துப் பயம் உங்களுக்கெல்லாம் விளங்கும்.

என்ர சூப்பர்வைசர் அக்கா தமிழ் ஆள்தான், மல்லாவி. ஒருநாள் கன்ரீனில பக்கத்தில வந்து இருந்து, என்ர முகத்தைப் பாக்காமல், புட்டைக் குழைச்சுக்கொண்டே சொன்னவா: "பின்னேரம் பஸ்ஸில முன் சீற்றில இரு. ட்ரைவர் அண்ணா கோயிலடியில ஸ்லோ பண்ணுவார்." பஸ் அந்த வழியால போறதுதான், ஆனா அங்க நிற்பாட்டுற இடமில்லை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில பஸ்ஸில ஏதோ கோளாறு மாதிரி ஒருக்கா நிக்கும். நான் இறங்குவன். ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். சில நாள் ஆரோ ஒராள் பணிஸ் பை ஒண்டை என்ர கையில திணிப்பினம்.

கம்பனிக்கு இது தெரியுமோ தெரியாதோ எனக்குத் தெரியாது. கம்பனியைப் பற்றிக் கேட்டா நான் என்ன சொல்ல? பஸ் கம்பனியின்ரதான்.

சிவப்புத்தடி | வியாழன் இரவு 8.25

❤️

பேர்_சொல்லேல்ல | வியாழன் இரவு 8.44

இப்பிடி ஒரு அக்கா எனக்கும் இருந்திருந்தா நான் விட்டிருக்க மாட்டன்.

முறிகண்டிக்_கச்சான் | வியாழன் இரவு 9.05

பகிடி ஒண்டும் வரேல்ல இண்டைக்கு.

மாங்குளம்_மெக்கானிக் | வியாழன் இரவு 9.12

அந்த ட்ரைவர் அண்ணையைத் தெரியும் எண்டு நினைக்கிறன். ஆள் இப்ப ஓய்வு. கேட்டா "கிளச் கொஞ்சம் பிழை" எண்டுவார்.

விசுவமடு_அண்ணா | வெள்ளி இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்கத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். காந்தம் கதைக்குச் சிரிச்சா. வட்டக்கச்சி அக்கா எழுதினதை வாசிக்கேக்க எழும்பி அடுப்படிக்குப் போட்டா, திரும்பி வர நேரம் எடுத்தது. வந்து, "ஏதோ, அவளின்ர விருப்பம்" எண்டா. எங்கட வீட்டில அதுக்கு ஓம் எண்டு கருத்து.

"ஆனா கலியாணம் பேசேக்க காமென்ட்ஸ் எண்டு சொல்லாதை, கம்பனி எண்டு சொல்லு" எண்டும் ஒரு நிபந்தனை. தங்கச்சி அதுக்கு, "கேட்டு வாறவர் என்ன வேலை எண்டு நானும் முதல் கேப்பன்" எண்டாள். அதோட சண்டை வேற திசையில போட்டுது.

ஐயா சொன்ன சம்பளச் சிட்டைக் கணக்கை அவள் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறாள். அஞ்சு வருசக் கணக்கையும்.

திங்கள் 5.20 க்கு விசுவமடுச் சந்தியில பஸ்ஸாம். சாப்பாட்டுக் கோப்பை கொண்டுபோக வேணுமோ? வேற என்ன கொண்டுபோக வேணும்?

தையல்காரி9 | வெள்ளி இரவு 9.48

கோப்பை வேண்டாம், அங்க இருக்கு. தண்ணிப் போத்தல் ஒண்டு, பேர் எழுதி. தலைமயிரை இறுக்கிப் பின்னிக்கொண்டு வரச் சொல்லுங்கோ. வளையல், கைச்சங்கிலி வேண்டாம், லைனுக்குள்ள விடமாட்டினம். ஏசி குளிரும், மெல்லிய சுவெட்டர் இருந்தா நல்லம். முதல் மூண்டு நாள் கடதாசியிலதான் தைக்கக் குடுப்பினம், இது என்ன பகிடி எண்டு நினைச்சு அவசரப்படக் கூடாது.

பஸ்ஸில வலப்பக்கம் மூண்டாவது வரிசையில என்ர இடம். தருமபுரத்தில ஏறுவன். ஒரு சீற் பிடிச்சு வைக்கச் சொல்லுங்கோ.